இரண்டு விரல் இடைவெளி

ஓசூருக்குக் குடிவந்த மூன்றாம் நாள் மாலை, பக்கத்து வீட்டு அக்கா எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், என் மனைவி நட்டுவைத்த கறிவேப்பிலைக் கன்றைப் பிடுங்கிவிட்டார்.

‘பிடுங்கினார்’ என்பது செல்வியின் சொல். இன்றைக்கும் அவள் அப்படித்தான் சொல்கிறாள். அக்காவைக் கேட்டால் ‘காப்பாத்துனன்’ என்பார். நான் மாடிப்படியில் நின்று முழுவதையும் பார்த்தவன். இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது.

இரண்டு வீட்டுக்கும் பொதுவான மொட்டைமாடி அது. விருதுநகர் பக்கத்திலுள்ள எங்கள் ஊரிலிருந்து ஈரத்துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியை விட்டு இறக்காமல் செல்வி கொண்டுவந்த கன்று. விரல் நீளம்தான் இருக்கும். வெள்ளையடித்தவர்கள் விட்டுப்போன இருபது லிட்டர் வாளியில் மண்ணை நிரப்பி அதை நட்டிருந்தாள். எப்படியும் மரமாகப் போகிறது, அடிக்கடி எதற்கு மாற்ற வேண்டும் என்பது அவள் எண்ணம். கை கழுவக் கீழே போய்விட்டுத் திரும்பினால், வாளிக்கு முன்னால் ஓர் அம்மாள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். பெரிய உருவம். அதன் மேல் இன்னும் ஓர் ஆள் நுழையும் அளவுக்குப் பெரிய கம்பெனிச் சட்டை. ஒரு கையில் எங்கள் கன்று. இன்னொரு கையில் அடியில் ஓட்டை போட்ட தயிர் டப்பா.

“இத்தூண்டு வேரும்மா,” என்றார், செல்வியோடு பத்து வருஷம் பழகியவர்போல. “இது குடிக்கிறது ஒரு ஸ்பூன் தண்ணி. நீ ஊத்துனது ஒரு செம்பு. மீதி தண்ணி எங்க போவும்? அங்கயே நிக்கும். வேரு அழுவிப் போவும்.”

“அது எங்க செடிக்கா,” என்றாள் செல்வி.

“உங்களுதுதான். நான் தூக்கிகினா போறன்?”

தயிர் டப்பாவில் நட்டு, எங்கள் வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். வாளி மண்ணையும் சாக்கில் கொட்டி, வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். செல்வி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அக்கா அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. தினமும் காலையில் வந்து டப்பாவின் அடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போவார்.

அவரிடம் இருந்தது ஒரே ஒரு சட்டம்தான். செடியை மண்ணோடு கவிழ்த்து எடுத்தால் வேர் ஓர் உருண்டையாக வரும் அல்லவா? அந்த உருண்டைக்கும் புதுத் தொட்டியின் சுவருக்கும் நடுவில் சுற்றிலும் இரண்டு விரல் இடைவெளி இருக்கலாம். அதற்கு மேல் ஒரு நூல்கூடக் கூடாது. அந்த இடைவெளியும் நிரம்பி, அடி ஓட்டையில் வேர் வெள்ளையாக எட்டிப் பார்த்தால் அடுத்த அளவுக்குப் போகலாம். தயிர் டப்பா, ஐஸ்கிரீம் டப்பா, நெய் டின், எண்ணெய் டின் என்று மாடியின் கைப்பிடிச் சுவரோரம் அவர் சேர்த்துவைத்திருந்த வரிசை படிக்கட்டுபோல ஏறிக்கொண்டே போகும். தெருவில் யார் வீட்டில் நெய் தீர்ந்தாலும் டின் அவருக்குத்தான் வரும்.

நான் சேர்ந்த கம்பெனியில்தான் அவரும் இருந்தார் என்பது வேலைக்குப் போன முதல் நாள்தான் தெரிந்தது. வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்கிற தொழிற்சாலை. எனக்கு ஸ்டோர்ஸ். வெளியிலிருந்து வருகிற சரக்கை அளந்து பார்த்து, சரியென்றால் பச்சைச் சீட்டு, சரியில்லை என்றால் சிவப்புச் சீட்டு ஒட்டி எனக்குத் தள்ளுவது அவர் வேலை. எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு கம்பிவலைதான். இன்ஸ்பெக்‌ஷன் அக்கா என்றால் காவலாளி முதல் மேனேஜர் வரை எல்லாருக்கும் தெரியும். கம்பெனிக்குள் என்னை ‘சார்’ என்பார். பஸ்ஸை விட்டு இறங்கித் தெருமுனை திரும்பியதும் ‘தம்பி’ ஆகிவிடுவேன்.

இவ்வளவு அளவு பார்க்கிறவர் வாழ்க்கையில் எல்லாவற்றையும் அளந்து வைத்திருப்பார் என்று நினைத்தேன். அப்படியெல்லாம் இல்லை. அவர் கைப்பையில் ஒரு ஆட்டுக்குட்டியை வைத்துத் தூக்கலாம். வீட்டில் அவரும் கணவரும் மட்டும்தான், ஆனால் ராகிக் களி கிண்டினால் பத்துப் பேருக்கு இருக்கும். எங்களுக்குப் பாதி வரும். ஊறுகாய் போடும்போது உப்பைக் கண்ணால் பார்க்கவே மாட்டார், கைபோன போக்கில் அள்ளிப் போடுவார். செருப்பை ஒரு சைஸ் பெரிதாகத்தான் வாங்குவார், நடந்தால் சத்தத்திலேயே அவர் வருவது தெரியும். செடி வைக்கும் தொட்டி ஒன்றில்தான் அந்தப் பிடிவாதம்.

செல்வி அவரோடு மறுபடி பேச ஆரம்பித்ததே சண்டை போடுவதற்காகத்தான். கறிவேப்பிலைக் கன்று ஐஸ்கிரீம் டப்பாவுக்குப் போகும் நாள் வந்தது. செல்வி தன் இரண்டு விரலை வைத்துப் பார்த்து இந்த டப்பா சரி என்றாள். அக்கா தன் இரண்டு விரலை வைத்துப் பார்த்து அதைவிடப் பெரிய டப்பாதான் சரி என்றார். செல்விக்கு வெண்டைக்காய் விரல்கள். அக்காவுக்கு ஒவ்வொன்றும் வாழைப்பழம்.

“ரெண்டு விரல்னா யாரு விரல்க்கா?” என்று கேட்டாள் செல்வி.

அக்கா அதைச் சாதாரணக் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. இத்தனை வருஷமாக அளவுக்கருவி இல்லாமல் ஒரு வேலையைச் செய்துவந்திருக்கிறோம் என்ற அதிர்ச்சி அவர் முகத்தில் தெரிந்தது. ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்று மறுநாள் கம்பிவலைக்கு அந்தப்பக்கமிருந்து சொன்னார். அந்த வாரத்துக்குள் எங்கள் கம்பெனி டூல்ரூமில் ஒரு கெட்டியான இரும்புப் பட்டை தயாராகிவிட்டது. ஒரு முனை முப்பத்திரண்டு மில்லிமீட்டர், இன்னொரு முனை முப்பத்தாறு. முதல் முனை இடைவெளியில் நுழைய வேண்டும். இரண்டாவது முனை நுழையக் கூடாது. நுழைந்தால் தொட்டி பெரிது. கம்பெனியில் புஷ் என்கிற இரும்பு வளையங்களின் துளையைச் சோதிக்க வைத்திருக்கும் கேஜும் இதே முறைதான்.

சொந்த உபயோகத்துக்கு டூல்ரூமைப் பயன்படுத்தியதற்காக அவருக்கு மெமோ வந்தது. பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டார். கீழே ‘குறிப்பு’ என்றிருந்த இடத்தில், ‘கேஜ் சரியாக உள்ளது’ என்று எழுதிக் கொடுத்தார்.

இந்த மெமோவினால்தான் அவருடைய செடிப்பித்து நிர்வாகத்துக்குத் தெரியவந்தது. அந்த வருஷம் மகளிர் தினத்துக்கு, செடி வளர்ப்பு சொல்லித்தரும் வாழ்க்கைப் பாடம் என்று தலைப்புக் கொடுத்து அவரைப் பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்துப் பத்து நிமிஷம் பேசினார். முழுவதும் தொட்டியின் அடியில் இருக்க வேண்டிய ஓட்டைகளைப் பற்றி. எத்தனை ஓட்டை, என்ன விட்டம், சூடுபண்ணிய கம்பியால் போட்டால் ஓரம் எப்படி இருக்கும். கூட்டத்தை நடத்திய பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இதிலிருந்து நாம் வாழ்க்கைக்குக் கற்றுக்கொள்வது என்ன என்று எடுத்துக் கொடுத்தாள். அக்கா யோசித்தார். ஓட்டை மேல் ஒரு ஓட்டுச்சில்லு வைக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் மண் ஓடிவிடும் என்றார். அந்தப் பெண் விடவில்லை. குழந்தை வளர்ப்புக்கும் இது பொருந்தும் அல்லவா என்று கேட்டாள்.

“புள்ளைங்கள எதுக்கும்மா செடியோட சேக்கற?” என்றார் அக்கா. “செடி நாம வெச்ச எடத்துல இருக்கும். எம் புள்ள பெங்களூர்ல இப்ப எந்த ரூம்ல இருக்கறான்னுகூட எனக்குத் தெரியாது.”

அன்றைக்குப் போல அந்த ஹாலில் கைதட்டல் விழுந்து நான் பார்த்ததில்லை.

நாற்பது தொட்டி விவகாரம் அதற்கு அடுத்த மழைக்காலத்தில் வந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் தொழிற்சாலையைப் பார்க்க வருகிறார்கள் என்று முடிவானது. எங்கள் மேனேஜர் ஒரு ஏற்பாடு செய்தார். வரும் விருந்தாளிகளும், கம்பெனியில் பத்து வருஷம் முடித்தவர்களும் ஆளுக்கொரு செண்பகக் கன்று நட வேண்டும். வாசலிலிருந்து ஆபீஸ் வரை இரண்டு பக்கமும் நாற்பது தொட்டி. ஒவ்வொன்றிலும் நட்டவர் பெயர்ப்பலகை. அக்காவும் பத்து வருஷம் முடித்தவர் என்பதால் அவர் பெயருக்கும் ஒரு பலகை தயாரானது.

மேனேஜர் கெட்டவர் இல்லை. சென்னைக்காரர், எல்லாரையும் ‘வாங்க, போங்க’ என்பார். ஒரே தவறு, தொட்டிகளை மற்ற சரக்கு வாங்குவதுபோல முறைப்படி ஆர்டர் போட்டு வாங்கிவிட்டார். எங்கள் விதிப்படி ஸ்டோர்ஸுக்கு வருகிற எதுவும் அக்கா மேசையைத் தாண்டித்தான் வர வேண்டும்.

லாரியில் நாற்பது சிமெண்ட் தொட்டி இறங்கியது. ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தையைக் குளிப்பாட்டலாம். கூடவே நாற்பது கன்று, கைப்பிடி அளவுப் பையில். அக்கா எழுந்து போய்ச் சுற்றிப் பார்த்தார். கைப்பையிலிருந்து இரும்புப் பட்டையை எடுத்து ஒரு தொட்டியின் வாயில் பிடித்துப் பார்த்தார். பிறகு மேசைக்கு வந்து உட்கார்ந்து நாற்பது சிவப்புச் சீட்டு எழுதினார். ‘காரணம்’ என்ற இடத்தில் ‘செடிக்கு நான்கு அளவு பெரிது.’

சிவப்புச் சீட்டு விழுந்த சரக்கை யாரும் தொடக் கூடாது. கம்பிக்கூண்டில் பூட்டி வைக்க வேண்டும். கூண்டுச் சாவி என்னிடம். மேனேஜர் தொலைபேசியில் கூண்டைத் திறக்கச் சொன்னபோது, வருகிற விருந்தாளிகளிடம் நாம் பெருமையாகக் காட்டப் போவதே இந்தச் சிவப்புச் சீட்டு முறையைத்தானே சார் என்றேன். போனை வைத்துவிட்டார். பிறகு அவரே இறங்கி வந்தார்.

விருந்தாளி தயிர் டப்பாவில் செடி நடுவதுபோலப் படம் எடுத்துப் போட முடியுமா என்று அவர் கேட்டார். ஏன் முடியாது என்று அக்கா கேட்டார். பெரிய தொட்டியில் வைத்தால் செடிக்குத்தானே வசதி என்று அவர் சொன்னார்.

“சார், இது செண்பகம். ஈரத்துல நின்னா தாங்காது. இப்ப மழை வேற,” என்றார் அக்கா. “செடிய மாத்துங்க, இல்ல தொட்டிய மாத்துங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க, இப்பவே சீட்ட கிழிக்கறன்.”

நாள் இல்லை என்றார் மேனேஜர். அப்போது அக்காவே இழுப்பறையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். அளவு தப்பிய சரக்கை மேனேஜர் தன் பொறுப்பில் ஏற்றுக்கொள்ளலாம் என்று ஒரு விதி உண்டு. காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மேனேஜர் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். பொய் எழுத மனம் வரவில்லை போலிருக்கிறது. ‘போட்டோவுக்காக’ என்று எழுதினார். அக்கா அதைப் படித்து, முறையாகக் கோப்பில் சேர்த்துவிட்டு, என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் கூண்டைத் திறந்தேன்.

விழா நன்றாக நடந்தது. அக்காவும் தன் பங்குக் கன்றை நட்டார். படத்தில் எல்லாரும் சிரிக்க, அவர் மட்டும் துக்க வீட்டுக்கு வந்தவர்போல நிற்பார்.

பிறகு மழை விடவில்லை. எங்கள் ஊரில் மழை என்றால் அடித்துக் கொட்டிவிட்டுப் போய்விடும். ஓசூர் மழை பொசபொசவென்று நாள் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும். பத்து நாளில் கன்றுகள் மஞ்சளாக ஆரம்பித்தன. முதலில் சாய்ந்தது மேனேஜருடையது. ஒரு காலையில் அவர் குடையோடு அதன் முன்னால் தனியாக நிற்பதைப் பார்த்தேன். அக்கா பார்ப்பதற்குள் அதே உயரத்தில் வேறொரு கன்று வாங்கி வைத்துவிட முடியுமா என்று மெதுவாகக் கேட்டார். மதிய இடைவேளையில் தளி ரோடு நர்சரிக்குப் போய் வாங்கி வந்து நட்டேன். மாலையில் பஸ்ஸுக்கு நடக்கும்போது அக்கா நிற்காமலே அதை ஒரு பார்வை பார்த்தார்.

“இது வேற செடி,” என்றார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் மேனேஜரிடமும் காட்டிக்கொள்ளவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் செல்வியையும் கூட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போனார். கையில் ஒரு சாக்கு நிறைய, அடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டீக்கப். கேட்டில் அனுமதி கேட்டதும் காவலாளி மேனேஜருக்குப் போன் போட்டான். அரைமணி நேரத்தில் மேனேஜரே வந்தார். தடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டு, என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து எப்படிக் கவிழ்ப்பது, கறுத்த வேரை எங்கே வெட்டுவது என்று அக்கா காட்டினார். தூறலில் நான்கு பேரும் குனிந்து கிடந்தோம். மாலைக்குள் முப்பத்தொரு கன்று டீக்கப்புக்கு வந்தது. மற்றவை ஏற்கெனவே செத்திருந்தன.

‘நான் அப்பவே சொன்னேனே’ என்று அக்கா சொல்லவே இல்லை. மேனேஜர் அதற்காகக் காத்திருந்ததுபோல எனக்குப் பட்டது. கடைசியில் பொறுக்க முடியாமல் அவரே, நீங்கள் அப்போதே சொன்னீர்கள் என்றார். படிவத்தில் இருக்கிறதே சார் என்றார் அக்கா.

பிறகு தன் பெயர்ப்பலகை இருந்த கன்றை எடுத்து, பலகையை உருவிப் பையில் போட்டுக்கொண்டு, கப்பை அவரிடம் நீட்டினார். நர்சரியில் வாங்கியது உங்கள் செடி ஆகாது, இதை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார்.

அந்த டீக்கப்பை மேனேஜர் தன் அறை ஜன்னலில் வைத்து ஸ்பூனால் தண்ணீர் ஊற்றினார். மற்ற கப்புகள் இன்ஸ்பெக்‌ஷன் அறையில் வரிசையாக நின்று, அளவு ஏறி ஏறி, ஒவ்வொன்றாக அவரவர் வீட்டுக்குப் போயின. ஒன்றரை வருஷம் கழித்து மேனேஜருக்குக் குஜராத்துக்கு மாற்றல் வந்தது. கிளம்பும் நாள் செடியோடு அக்கா மேசைக்கு வந்து நின்றார். அக்கா அதைக் கவிழ்த்துப் பார்த்து, இன்னும் அளவு ஏறும் நேரம் ஆகவில்லை என்றார். அடுத்த மூன்று அளவுத் தொட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக் கயிறு கட்டி வைத்திருந்தார். சாமான் வண்டியில் போட்டுவிடாமல் அதை மடியில் வைத்துக்கொண்டு போனார் அந்த மனிதர்.

ஏழெட்டு மாதம் கழித்து எனக்குப் போன் செய்தார். நலம் விசாரித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி ஒரு விஷயம் சொன்னார். போனதும் வீட்டு வேலையில் மூன்று தொட்டி அடுக்கையும் யாரோ உடைத்துவிட்டார்கள். கையில் கிடைத்த பெரிய டிரம்மில் செடியை வைத்துவிட்டார். அது இப்போது அவர் இடுப்பு உயரம். செழிப்பாக இருக்கிறது. இதை அக்காவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று அவருக்கு ஒரே குழப்பம்.

நான் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

அக்கா அளந்துகொண்டிருந்த புஷ்ஷைக் கீழே வைத்தார். “சாவலையா?” என்றார்.

“இல்லக்கா. நல்லா இருக்காம்.”

“அங்க வெய்யில் ஜாஸ்தி,” என்றார். “மண்ணு வேற மணலு. தண்ணி நிக்காது.” சொல்லிவிட்டு, ஏற்கெனவே அளந்து முடித்த பெட்டியை மறுபடி முதலிலிருந்து அளக்க ஆரம்பித்தார்.

அந்த வாரம் முழுவதும் அவர் சரியாக இல்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். செல்விக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம்தான், நான் மறைப்பானேன். அடுத்த ஞாயிறு, தண்ணீர்த் தொட்டியின் மிதவை சரியாக இருக்கிறதா என்று பார்க்க மாடிக்குப் போனேன். தொட்டிக்குப் பின்னால், யார் கண்ணுக்கும் படாத மூலையில், பாதியாக அறுத்த நீல டிரம் ஒன்று இருந்தது. அதன் மேல் சாக்கு. தூக்கிப் பார்த்தால் டிரம் நிறைய மண்ணும், நட்டநடுவில் சுண்டுவிரல் அளவு செண்பக நாற்று ஒன்றும். பக்கத்தில் ஒரு செம்பு.

நான் சாக்கைப் பழையபடி மூடிவிட்டு இறங்கிவிட்டேன். செல்வியிடமும் சொல்லவில்லை. அக்கா தினமும் விடிவதற்குள் மாடியேறுவதும், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்குவதும் எங்கள் வீட்டுச் சமையலறையில் செருப்புச் சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு வாரம் ஆகியும் அந்த நாற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்கா களி கிண்டுவதையே நிறுத்திவிட்டார். அவர் வீட்டுக்காரர் என்னிடம் வந்து, கம்பெனியில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார்.

மூன்றாவது வாரம் ஒரு காலை, மாடியிலிருந்து அவர் குரல் கேட்டது. எங்கள் இரண்டு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பல்விளக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே ஓடினேன். டிரம்முக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். சாக்கு விலகிக் கிடந்தது. நாற்றின் கீழ் இலை இரண்டும் நல்ல மஞ்சளாகியிருந்தன.

“பாத்தியா செல்வி, மஞ்ச,” என்றார். “மஞ்சதான இது? சார், நீங்க சொல்லுங்க.”

மாடியில் அவர் என்னை ‘சார்’ என்றது அதுதான் முதல் தடவை. மஞ்சள்தான் என்றேன். ஒரு செடி வாடியதைப் பார்த்து அவ்வளவு மகிழ்ந்த ஒருவரை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. சிரித்தார், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், செல்வியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். செல்விக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குள் அக்காவுக்குத் தான் செய்த காரியம் உறைத்திருக்க வேண்டும். சிரிப்பு சட்டென்று நின்றது. மண்ணுக்குள் கைவிட்டு, வேர் அறாமல் நாற்றை அலுங்காமல் எடுத்து உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, அடுக்கிலிருந்து ஒரு சின்ன டப்பாவைத் தேடி விடுவிடுவென்று நடந்தார். போகும்போது அதனிடம் ஏதோ சொன்னார். வீட்டில் பேசும் கன்னடத்தில் சொன்னதால், என்னவென்று பிறகு அவர் வீட்டுக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். “தப்பாயித்து மரி, தப்பாயித்து.” தப்பு பண்ணிட்டேன்டா குட்டி, தப்பு பண்ணிட்டேன்.